அந்தப் பழைய பாலிசியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்: மாசுபட்ட நிலமும் 1986-க்கு முந்தைய காப்பீடும்

அமெரிக்காவில் ஒரு வணிக இடத்தை விற்கப் போனாலோ, அதன்மேல் கடன் கேட்டாலோ, வங்கி முதலில் கேட்பது முதல் கட்டச் சூழல் ஆய்வு. அந்த இடத்தில் முன்பு என்னென்ன தொழில் நடந்தது என்று பழைய வரைபடங்களையும் ஊர் விவரப் புத்தகங்களையும் புரட்டி எழுதும் அறிக்கை அது. ‘1964 முதல் 1983 வரை டிரை கிளீனிங் கடை’ என்று அதில் ஒரு வரி வந்துவிட்டால் இரண்டாம் கட்டம் தொடங்கும். தரையில் துளை போட்டு மண்ணையும் நிலத்தடி நீரையும் எடுத்துச் சோதிப்பார்கள். துணி சுத்தம் செய்யப் பயன்பட்ட கரைப்பான் மண்ணில் இருப்பது உறுதியானதும் உரிமையாளர் தன்னுடைய இன்றைய இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படிப்பார். மாசு சம்பந்தப்பட்ட எதற்கும் பணம் கிடையாது என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கும். பலர் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். வீட்டை அடமானம் வைத்து, சொந்தப் பணத்தில் மண்ணைத் தோண்ட ஆரம்பிக்கிறார்கள்.

அவர்கள் தேடியிருக்க வேண்டியது 1964-க்கும் 1983-க்கும் இடையில் அந்தக் கடைக்கு இருந்த பாலிசிகளை. அவை இன்றும் பணம் தரக்கூடியவை.

காலாவதி என்றால் என்ன

பிறருக்கு நீங்கள் ஏற்படுத்தும் சேதத்துக்குப் பணம் தரும் பொறுப்புக் காப்பீட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், உங்கள்மேல் கோரிக்கை எந்த ஆண்டு வருகிறதோ அந்த ஆண்டுப் பாலிசி பணம் தரும். மற்றதில், சேதம் எந்த ஆண்டு நடந்ததோ அந்த ஆண்டுப் பாலிசி தரும். கோரிக்கை நாற்பது வருடம் கழித்து வந்தாலும் பரவாயில்லை. 1980-களின் நடுப்பகுதி வரை அமெரிக்கக் கடைகளும் சிறு ஆலைகளும் வாங்கிய பொதுப் பொறுப்புக் காப்பீடு பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. பாலிசியின் முகப்பில் இருக்கும் முடிவுத் தேதி சேதம் நடந்த காலத்துக்கான எல்லை. அந்தத் தேதிக்குப் பிறகு புதிய சேதத்துக்குப் பாதுகாப்பு இல்லை, அவ்வளவுதான். அதற்கு முன் நடந்த சேதத்துக்குக் கொடுத்த வாக்குறுதி அப்படியே நிற்கிறது.

1966-ல் இந்தப் பாலிசிகளின் பொதுப் படிவம் திருத்தப்பட்டது. அதுவரை ‘விபத்து’ என்று இருந்த சொல் ‘நிகழ்வு’ என்று மாறியது. ஒரே நொடியில் வெடிப்பது மட்டுமின்றி, தொடர்ந்தோ திரும்பத் திரும்பவோ பட்டுப்பட்டு உண்டாகும் சேதமும் நிகழ்வில் அடங்கும் என்று எழுதினார்கள். மண்ணுக்குள் இருபது வருடமாக இறங்கும் கரைப்பான் அப்படிப்பட்ட சேதம்தான். சேதம் பல ஆண்டு தொடர்ந்தால் அந்த ஆண்டுகளின் பாலிசிகள் அத்தனையும் விழித்துக்கொள்ளும் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1995-ல் மான்ட்ரோஸ் கெமிக்கல் வழக்கில் தீர்ப்பளித்தது.

பழைய சேதத்துக்கு இன்று யார் பொறுப்பு என்ற கேள்விக்கு 1980 டிசம்பரில் வந்த செர்க்லா சட்டம் பதில் சொன்னது; சூப்பர்ஃபண்ட் என்று எல்லோரும் அழைப்பது இதைத்தான். நயாகரா நீர்வீழ்ச்சி நகரின் லவ் கேனால் பகுதியில் புதைத்த ரசாயனக் கழிவு வீடுகளுக்குள் கசிந்த அதிர்ச்சியில் பிறந்த சட்டம். இன்றைய உரிமையாளர், மாசு சேர்ந்த காலத்தில் உரிமையாளராகவோ நடத்துநராகவோ இருந்தவர், கழிவை அங்கே அனுப்ப ஏற்பாடு செய்தவர், இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் என நான்கு தரப்பையும் அது பிடிக்கும். தவறு செய்தாரா என்று பார்க்காது. சட்டம் வருவதற்கு முன் நடந்ததையும் விடாது. (பெட்ரோலியப் பொருட்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு, பெட்ரோல் பங்க் கசிவுகளை வேறு சட்டங்கள் கவனிக்கின்றன.) 1970-ல் யாருக்கும் தெரியாத ஒரு பொறுப்பு இப்படிப் பின்னோக்கி வந்து விழுந்ததால்தான், 1970-ன் பாலிசிக்கு இன்று இவ்வளவு மதிப்பு.

ஒரு கேலன் கரைப்பான்

டிரை கிளீனிங்கில் அதிகம் புழங்கியது பெர்க்ளோரோஎத்திலீன். தொழிலில் ‘பெர்க்’, ஆய்வறிக்கைகளில் பிசிஇ. தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். ஒரு கேலன் ஏறக்குறைய 6.1 கிலோ எடை. குடிநீரில் அமெரிக்கக் கூட்டரசு அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கேலன் பெர்க், 120 கோடி லிட்டருக்கும் அதிகமான நீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோகப் போதும்.

அது மண்ணுக்குள் போன வழிகள் பெரும்பாலும் அன்றாட வேலையின் பகுதிதான். துணியில் இருந்து பிரிந்த ஈரம் இயந்திரத்தின் பிரிப்பானில் கரைப்பானோடு சேர்ந்து தேங்கும். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவார்கள். அது சாக்கடைக் குழாயில் ஓடி, களிமண் குழாய்களின் இணைப்புகளில் கசியும். காய்ச்சி வடிக்கும் கலனில் அடியில் தங்கும் கசடைப் பின்வாசலுக்கு வெளியே போடுவார்கள். கலன் பொங்கி வழியும். காங்கிரீட் தரையைக்கூடப் பெர்க் ஊடுருவும். கடைக்காரருக்கு இதெல்லாம் பெரும்பாலும் குற்றமாகத் தெரிந்ததில்லை. பாலிசிக் கணக்கில் இது முக்கியம்: ‘எதிர்பார்த்த அல்லது வேண்டுமென்றே செய்த’ சேதத்துக்குப் பணம் கிடையாது. நிலத்தடி நீர் கெடும் என்று அவர் அன்று எதிர்பார்க்கவில்லை என்பதைக் காட்டுவது உங்கள் தரப்பின் வேலையில் ஒரு பகுதியாக அமையும்.

விலக்குப் பிரிவின் மூன்று காலங்கள்

எந்த ஆண்டின் பாலிசி என்பதைப் பொறுத்து வழக்கின் முகமே மாறிவிடும். 1970-க்கு முந்தைய பாலிசிகளில் பொதுவாக மாசு விலக்கே இல்லை. கையில் கிடைத்தால் தங்கம்.

1970-ல் இருந்து ஒரு பின்னிணைப்பாகவும், 1973 படிவத்தில் பாலிசிக்குள்ளேயும் ஒரு விலக்கு வந்தது: மாசு வெளியேற்றத்துக்குப் பணம் இல்லை, ஆனால் அது ‘திடீரென்றும் தற்செயலாகவும்’ நடந்திருந்தால் உண்டு. இந்த ‘திடீர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்காக நீதிமன்றங்களில் செலவான ஆண்டுகளுக்குக் கணக்கே இல்லை. மாசசூசெட்ஸ் 1990-லும் மிச்சிகன் 1991-லும் அது நேரத்தைக் குறிக்கிறது, மெதுவான கசிவு அதில் சேராது என்றன. இல்லினாய்ஸ் 1992-ல் ‘எதிர்பாராதது’ என்றும் பொருள் கொள்ளலாம், ஐயம் இருந்தால் பாலிசிதாரர் பக்கம் என்றது. நியூ ஜெர்சி 1993-ல் இன்னும் ஒரு படி போனது. அந்த விலக்கை அறிமுகப்படுத்திய நேரத்தில் காப்பீட்டுத் துறையினர் மாநில அதிகாரிகளிடம், ஏற்கெனவே உள்ளதைத் தெளிவுபடுத்துகிறோம், அவ்வளவுதான் என்று சொல்லி அனுமதி வாங்கியிருந்தார்கள், பிரீமியத்தையும் குறைக்கவில்லை. அன்று சொன்னதற்கு மாறாக இன்று வாதிட முடியாது என்று அந்த நீதிமன்றம் அவர்களைக் கட்டிப்போட்டது. நான் படித்த காப்பீட்டுத் தீர்ப்புகளில் மிக நேர்மையான தர்க்கம் என்று இதைச் சொல்வேன்.

1985-86-ல் முழு விலக்கு வந்தது. ‘திடீர்’ என்ற வாசல் அடைபட்டது. இதற்குப் பிந்தைய பாலிசிகள் பெரும்பாலான மாநிலங்களில் உதவாது. இண்டியானா பெரிய விதிவிலக்கு: ‘மாசுபடுத்தி’ என்ற சொல் தெளிவற்றது என்று ஒரு பெட்ரோல் பங்க் வழக்கில் 1996-ல் சொன்ன அதன் உச்ச நீதிமன்றம், 2012-ல் டிசிஇ என்ற இன்னொரு கரைப்பான் பற்றிய வழக்கிலும் அதையே உறுதிப்படுத்தியது. இடம் இண்டியானாவில் இருந்தால் 1986-க்குப் பிந்தைய பாலிசிகளையும் தேட வேண்டும்.

தாளைத் தேடுதல்

பாலிசியைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு தனித்தொழில் இருக்கிறது. காப்பீட்டுத் தொல்லியல் என்கிறார்கள். முழுப் பாலிசி கிடைப்பது அபூர்வம். ஆனால் முழுப் பாலிசி தேவையும் இல்லை. மூலம் தொலைந்துபோனதில் உங்கள் தீய நோக்கம் இல்லை என்றால், அதன் உள்ளடக்கத்தை வேறு சான்றுகளால் நிறுவலாம் என்று கூட்டரசுச் சாட்சிய விதி 1004 அனுமதிக்கிறது. 1998-க்கு முன் தயாரான, உண்மைத்தன்மை நிறுவப்பட்ட ஆவணங்களைச் செவிவழிச் செய்தி என்று தள்ள முடியாது என்கிறது விதி 803-ன் 16-ஆம் உட்பிரிவு. எவ்வளவு உறுதியான நிரூபணம் வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

பெரும்பாலும் முதலில் கையில் சிக்குவது காப்பீட்டுச் சான்றிதழ். வாடகைக்கு விட்டவர், வாடகைதாரரிடம் ‘உனக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா’ என்று கேட்டு வாங்கி, குத்தகை ஒப்பந்தத்தோடு பின் அடித்து வைத்த ஒற்றைத் தாள். அதில் பார்க்க வேண்டியவை ஐந்து: காப்பீடு செய்யப்பட்டவரின் பெயர், நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், தொடக்க-முடிவுத் தேதிகள், தொகை. தொகை ‘100/300/50’ என்று இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டும் உடல்காயத்துக்கு: ஒருவருக்கு ஒரு லட்சம், ஒரு சம்பவத்துக்கு மூன்று லட்சம் டாலர். கடைசி எண்தான் நமக்கு வேண்டிய சொத்துச் சேதம்: 50,000 டாலர். பாலிசி எண்ணின் முன்னொட்டு எழுத்துகளை விட்டுவிடக் கூடாது. ‘எஸ்எம்பி’ என்று தொடங்கினால் பல அபாயங்களைச் சேர்த்த தொகுப்புப் பாலிசியாக இருக்க வாய்ப்பு அதிகம். தீ விபத்துக்கு எடுத்தது என்று குடும்பம் நினைத்துக்கொண்டிருக்கும் அந்தத் தொகுப்புக்குள் பொறுப்புக் காப்பீடும் இருக்கும். நிறுவனமும் ஆண்டும் தெரிந்துவிட்டால், அந்தக் காலத்துப் பொதுப் படிவத்தைக் கொண்டு விதிமுறைகளை மீட்டெடுக்கலாம். நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே வாசகத்தை அச்சடித்து விற்றன என்பது இங்கே நமக்குச் சாதகம்.

சான்றிதழ் கிடைக்காவிட்டால் கணக்குப் பேரேடுகள், பிரீமியத்துக்குக் கொடுத்த பழைய காசோலைகள், வருமான வரிக் கணக்கோடு வைத்த பட்டியல்கள், நிர்வாகக் குழுக் குறிப்பேடு, வங்கிக் கடன் கோப்பு, பழைய விபத்து வழக்கின் வக்கீல் கட்டு, அரசு ஒப்பந்தக் கோப்பு, அன்றைய தரகரின் வாரிசு அலுவலகம். இவற்றில் பலரும் மறப்பது தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. அதை விற்ற நிறுவனமே பல நேரம் பொதுப் பொறுப்பையும் சேர்த்து விற்றிருக்கும். யார் யாருக்குத் தொழிலாளர் காப்பீடு கொடுத்தார்கள் என்ற பழைய பதிவு சில மாநில அரசுகளிடம் இருக்கிறது. இன்னொன்று, முதன்மைப் பாலிசியின் வரம்பு தீர்ந்த பிறகு பணம் தரும் மேல்மட்டப் பாலிசி: அதன் பின்பக்க அட்டவணையில் கீழே இருக்கும் முதன்மைப் பாலிசியின் எண்ணும் தொகையும் வரிசையாக இருக்கும். ஒரு தாளில் இரண்டு பாலிசிக்கான சான்று.

பெயரைத் தேடும்போது இன்றைய நிறுவனப் பெயரோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பழைய கடையின் வணிகப் பெயர், அப்பா பெயரில் இருந்த தனிநபர் தொழில், கலைக்கப்பட்ட கூட்டாண்மை எல்லாவற்றையும் எழுதித் தேட வேண்டும். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத பழைய வாடகைதாரரின் பாலிசிகூட உதவும். அவர் கம்பெனியைக் கலைத்திருந்தாலும், அதன் காப்பீடு மீதமிருக்கும் சொத்தாகக் கருதப்பட்டு அதன்மேல் வழக்குத் தொடுக்கக் கலிபோர்னியாச் சட்டம் வழிவிடுகிறது.

முதலில் கடிதம், பிறகுதான் கடப்பாரை

இந்த வேலையில் மிக அதிகமாகப் பணம் பறிபோவது இந்த இடத்தில்தான். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது, ஏனென்றால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு. பாலிசிகளில் ஒரு நிபந்தனை உண்டு: நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பாலிசிதாரர் தானாக முன்வந்து செய்த செலவைத் திருப்பித் தர மாட்டோம். மாசு கண்டுபிடித்த பதற்றத்தில் உரிமையாளர் ஆலோசகரை அமர்த்துவார், மண்ணை அள்ளுவார், மாநிலத்தோடு சுத்திகரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். ஒரு வருடம் கழித்து யாரோ சொல்லி இன்சூரன்ஸுக்குக் கடிதம் போடுவார். அந்தக் கடிதத்துக்கு முன் செய்த செலவு பல மாநிலங்களில் போனது போனதுதான். தாமதமான தகவலுக்குப் பல மாநிலங்கள் மன்னிப்புத் தருகின்றன, நிறுவனத்துக்கு அதனால் பாதகம் ஏற்பட்டிருந்தால் தவிர. ஆனால் மண்ணை லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகு, அவர்கள் நேரில் பார்த்து ஆராயும் வாய்ப்பு போய்விட்டது. அதையே பாதகம் என்று வாதிடுவார்கள்.

கடிதத்தில் பாலிசி எண் தெரியாவிட்டாலும் எழுதலாம். ‘1960 முதல் 1986 வரை கீழ்க்கண்ட பெயர்களுக்கு நீங்கள் வழங்கிய எல்லாப் பொறுப்புப் பாலிசிகளின் கீழும்’ என்று எழுதி, இடத்தின் முகவரிகள், மாசு பற்றித் தெரிந்தவை, அரசின் கடித நகல், வழக்கைத் தற்காத்துத் தரும்படி கோரிக்கை, உங்கள் பதிவுகளில் தேடி நகல் தாருங்கள் என்ற வேண்டுகோள் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். பதிவுத் தபாலில் போக வேண்டும். மேல்மட்டப் பாலிசி கொடுத்தவர்களையும் விடக் கூடாது. ‘எங்கள் பதிவுகளில் எதுவும் இல்லை’ என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். நாற்பது வருடத்து மைக்ரோஃபிலிமில் ஒரு பெயர் அகப்படவில்லை என்பதற்கு அந்தப் பாலிசி இருந்ததே இல்லை என்று பொருள் இல்லை.

அரசின் கடிதம் ‘வழக்கு’ ஆகுமா என்பதும் ஒரு சண்டை. பாலிசி, வழக்கைத் தற்காப்போம் என்று சொல்கிறது. சூழல் துறையிடமிருந்து வருவது கடிதம். மாசசூசெட்ஸ் 1990-ல் பொறுப்பாளர் என்று குறிப்பிட்டு வரும் கடிதம் வழக்குக்குச் சமம் என்றது. இல்லினாய்ஸ் 1995-லும் கலிபோர்னியா 1998-லும் இல்லை என்றன. ஒரேகன், எழுத்தில் வந்த அரசு உத்தரவு வழக்குக்குச் சமம் என்று சட்டமே இயற்றிவிட்டது.

50,000 டாலர் பாலிசி எப்படி அதற்கு மேல் தருகிறது

பழைய தொகைகளைப் பார்த்து ‘இது எந்த மூலைக்கு’ என்று பலர் கைவிடுகிறார்கள். அந்தக் கால முதன்மைப் பாலிசிகள் பெரும்பாலானவற்றில் தற்காப்புச் செலவு உச்சவரம்புக்கு வெளியே. வக்கீல் கட்டணம் அதில் சேரும். பல நீதிமன்றங்கள், மாசு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று கண்டறியும் ஆய்வுச் செலவையும், அது பொறுப்பைக் குறைக்கவோ மறுக்கவோ பயன்படும் அளவுக்கு, தற்காப்பாகவே கொள்கின்றன. கண்காணிப்புக் கிணறுகள், ஆய்வகக் கட்டணம், நீரோட்டக் கணிப்பு என ஆய்வு மட்டும் லட்சக்கணக்கான டாலரை விழுங்கிவிடும். அது தற்காப்புப் பையில் இருந்து போனால், 50,000 டாலர் தொடப்படாமல் சுத்திகரிப்புக்கு மிஞ்சும். அதனால் ஆலோசகரின் பில்களை ஆய்வு தனி, சுத்திகரிப்பு தனி என்று முதல் நாளில் இருந்தே பிரித்து வாங்குங்கள். பின்னால் பிரிப்பது பெரும்பாடு.

நிலத்தடி நீரைச் சோதிக்காமல் மண்ணை மட்டும் சோதிப்பதும் ஒரு தவறு. பாலிசிதாரரின் சொந்தச் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்புப் பாலிசி தராது. நிலத்தடி நீரைப் பெரும்பாலான மாநிலங்கள் உங்கள் சொத்தாகப் பார்ப்பதில்லை. ஒரு கிணற்றுச் சோதனை அறிக்கை அந்த விலக்கைத் தாண்ட உதவும்.

அடுத்து, பங்கீடு. சேதம் 1966 முதல் 2025 வரை 60 ஆண்டு நீண்டது, செலவு 12 லட்சம் டாலர், உங்களுக்கு 8 ஆண்டுப் பாலிசிகள் கிடைத்தன என்று வையுங்கள். எல்லாத் தொகையையும் ஒரே பாலிசியிடம் கேட்கலாம் என்ற மாநிலங்களில் (ஒஹாயோ 2002, கலிபோர்னியா) அதன் வரம்பு வரை வாங்கலாம். கலிபோர்னியாவில் 2012-க்குப் பிறகு, பாலிசி வாசகம் தடுக்காவிட்டால், ஆண்டுகளின் வரம்புகளை அடுக்கவும் முடியும். ஆண்டுவாரியாகப் பிரிக்கும் மாநிலங்களில் ஆண்டுக்கு 20,000, எட்டு ஆண்டுக்கு 1,60,000 டாலர். மீதி உங்கள் தலையில். ஆனால் 1986 முதல் மாசுக் காப்பீடு சந்தையிலேயே கிடைக்கவில்லை, அந்த ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்காதே என்று நியூ ஜெர்சி ஏற்கிறது. அப்போது வகுக்கும் எண் 20 ஆண்டு; ஆண்டுக்கு 60,000, எட்டு ஆண்டுக்கு 4,80,000, வரம்புகள் அனுமதித்தால். நியூயார்க் 2018-ல் இந்த வாதத்தை மறுத்துவிட்டது. ஒரே நிலம், ஒரே கசிவு, மாநில எல்லை மாறினால் மூன்று லட்சம் டாலருக்கு மேல் வித்தியாசம்.

நிறுவனம் எங்கே போனது

சான்றிதழில் இருக்கும் பெயர் இன்று இல்லாமல் இருக்கலாம். ஏட்னா கேஷுவல்டியைத் தேடினால் டிராவலர்ஸில் போய் நிற்பீர்கள், 1996-ல் கைமாறியது. யூஎஸ்எஃப் அண்ட் ஜி 1998-ல் செயின்ட் பாலுக்குப் போனது, செயின்ட் பால் 2004-ல் டிராவலர்ஸோடு சேர்ந்தது. ஐஎன்ஏ 1982-ல் சிக்னாவில் கலந்து, அதன் சொத்து-விபத்துப் பிரிவு 1999-ல் ஏஸுக்கு விற்கப்பட்டது. ஏஸ் 2016-ல் சப் என்ற பெயரை எடுத்துக்கொண்டது. லண்டன் லாய்ட்ஸின் 1992 வரையிலான பழைய பொறுப்புகள் 1996-ல் ஈக்விடாஸ் என்ற தனி நிறுவனத்துக்குப் போயின. திவாலானவையும் உண்டு: ரிலையன்ஸ் 2001, ஹோம் 2003. இவற்றுக்கு மாநில உத்தரவாத நிதியிடம் போக வேண்டும். அங்கே உச்சவரம்பும் கடைசித் தேதியும் உண்டு.

நிறுவனம் ஒப்புக்கொண்டாலும், எங்கள் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் தற்காக்கிறோம் என்ற வாசகத்தோடுதான் பதில் வரும். அதில் நலன் முரண் இருந்தால், நிறுவனத்தின் செலவில் சுயேச்சையான வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கலிபோர்னியாவில் சிவில் சட்டப் பிரிவு 2860 தருகிறது.

கடைசியில் பெரும்பாலானவை சமரசத்தில் முடியும். அங்கே இரண்டு வகைக் காகிதம் நீட்டப்படும். ஒன்று, இந்த இடத்தின் சுத்திகரிப்பு தொடர்பாக மட்டும் விடுவிப்பது. மற்றது, பாலிசியையே நிறுவனம் திரும்ப வாங்கிக்கொள்வது. இரண்டாவதற்குத் தொகை கூடும். கையெழுத்துப் போடும் முன், பக்கத்துக் கட்டடங்களின் தரைக்கடியில் மண்ணில் உள்ள ஆவியைச் சோதித்தாயிற்றா என்று பாருங்கள். பெர்க் ஆவி அடித்தளப் பிளவுகள் வழியாக மேலே ஏறும். அங்கே குடியிருப்பவர் ஐந்து வருடம் கழித்து உடல்நலப் பாதிப்புக்கு வழக்குப் போட்டால், ‘100/300’ என்று இருந்த அந்த உடல்காயத் தொகையும், வக்கீல் வைக்கும் கடமையும் பாலிசியோடு சேர்ந்து விற்றுப் போயிருக்கும். உடல்காயக் கோரிக்கைகளை விடுவிப்பில் சேர்க்காமல் தனியே வைக்கும்படி கேட்கலாம். நிறுவனங்கள் விலையைக் குறைத்துக்கொண்டு அதற்குச் சம்மதிப்பதுண்டு.